குழந்தைகளின் தூக்க இஇஜி: எந்த மருந்து உண்மையில் மலிவு?

தூக்க இஇஜிக்கு, அதாவது தூங்கும்போது மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனைக்கு வரும் குழந்தைகளைத் தூங்க வைக்க எந்த மருந்து வாங்கி வைப்பது என்று பேச்சு வந்தால், முதலில் மேசைக்கு வருவது விலைப்பட்டியல்தான். மெலடோனின் மாத்திரை மலிவு, ட்ரைக்ளோஃபாஸ் சிரப்பும் மலிவு, டெக்ஸ்மெடிடோமிடின் குப்பி அதிகம். அத்தோடு முடிவும் எடுத்துவிடுகிறார்கள். இந்தச் சோதனையின் மொத்தச் செலவில் மருந்தின் பங்கு மிகச் சிறியது. டெக்னீஷியனின் நேரம், அறை, இயந்திரம், கண்காணிக்கும் நர்ஸ், குழந்தை எழும்வரை ஒரு கட்டில், வேலைக்கு லீவு போட்டு வந்த பெற்றோர் என்று எல்லாவற்றையும் கூட்டிவிட்டு, படிக்கத் தக்க பதிவு ஒன்றுக்கு எவ்வளவு ஆனது என்று வகுத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் விலைப்பட்டியலின் வரிசை அப்படியே நிற்பதில்லை.

முதலில் தூக்கம் எதற்கு வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம், ஏனென்றால் 'வெற்றி' எது என்பது அதைப் பொறுத்தது. விழித்திருக்கும்போது எடுத்த பதிவில் ஒன்றும் தெரியாத பல குழந்தைகளுக்குத் தூக்கத்தில்தான் வலிப்பு அலைகள் வெளிப்படும். ரோலண்டிக் வலிப்பு என்ற குழந்தைப் பருவ வலிப்பில் சென்ட்ரோ-டெம்போரல் ஸ்பைக்குகள் (மூளையின் நடு-பக்கப் பகுதியில் தெரியும் கூர்மையான வலிப்பு அலைகள்) தூக்கம் வந்ததும் மளமளவென்று கூடும். சிலருக்குத் தூக்கத்தில் மட்டுமே இருக்கும். இன்ஃபன்டைல் ஸ்பாஸம் (கைக்குழந்தைகளுக்கு உடல் திடீரென வெட்டி இழுக்கும் வலிப்பு) சந்தேகம் என்றால் தூக்கம் மட்டும் போதாது, எழுந்த பிறகு வரும் நிமிடங்களும் வேண்டும். ஸ்பாஸம்கள் கொத்தாக வருவது பெரும்பாலும் அப்போதுதான். வளரிளம் பருவத்து மயோக்ளோனிக் வலிப்பிலும் (கை கால் திடீரென வெட்டும் வகை) எழுந்தவுடன் உள்ள பகுதி முக்கியம்.

ஆகவே குழந்தை கண்ணை மூடிவிட்டது என்பதை வெற்றியாகக் கணக்கில் எழுதக் கூடாது. மருந்து கொடுத்து 45 நிமிடம், அதிகம் போனால் ஒரு மணி நேரத்துக்குள் தூக்கம் வர வேண்டும். குறைந்தது 30 நிமிடத் தூக்கப் பதிவு வேண்டும். அதில் வெர்டெக்ஸ் அலைகளும் ஸ்பிண்டில்களும் (தூக்கத்தில் மட்டும் தோன்றும் அலை வடிவங்கள்) தெரிய வேண்டும், அதாவது குழந்தை இரண்டாம் நிலைத் தூக்கத்தைத் தொட்டிருக்க வேண்டும். மருத்துவரின் கேள்விக்குத் தேவையென்றால், எழும் பகுதியும் பதிவாகியிருக்க வேண்டும். 'எத்தனை பேர் தூங்கினார்கள்' என்று மட்டும் எண்ணும் ஒப்பீடு அதிக மயக்கம் தரும் மருந்துக்குச் சாதகமாகவே முடியும். அடித்துப் போட்டதுபோல் தூங்கி, ஸ்லாட் (ஒதுக்கிய நேரம்) முடிந்தும் எழாத குழந்தையிடம் ஹைப்பர்வென்டிலேஷனும் (வேகமாக ஆழ்ந்து மூச்சுவிடச் செய்வது) செய்ய முடியாது, எழும் பதிவும் கிடைக்காது. அந்தப் பதிவுக்கும் முழுச் செலவு ஆகியிருக்கும்.

மருந்துகள், ஒவ்வொன்றாக

மெலடோனின் உடலே சுரக்கும் ஹார்மோன். மூச்சை அடக்காது, இஇஜியில் பீட்டா அலைகளை (பதிவை மறைக்கக்கூடிய வேகமான அலைகள்) கூட்டாது, ரத்தத்தில் அரை ஆயுள் (மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம்) ஒரு மணி நேரத்துக்கும் குறைவு என்பதால் சோதனை முடிந்ததும் குழந்தை வீட்டுக்குப் போகலாம். 5 வயதுக்குக் கீழ் 3 மி.கி., அதற்கு மேல் 5 அல்லது 6 மி.கி., சில இடங்களில் 10 வரை. பதிவுக்கு அரை மணி நேரம் முன்பு. இதற்குப் பட்டினி தேவையில்லை. வயிறு நிறைந்த குழந்தை சீக்கிரம் தூங்கும் என்பதால் இது சாதாரண சலுகை அல்ல. ஆனால் இது தூக்கத்துக்கு வழிவிடும் மருந்தே தவிர, தூக்கத்தைத் திணிக்கும் மருந்து அல்ல. முந்தின இரவு நன்றாகத் தூங்கிவிட்டு வந்த குழந்தைக்குக் கொடுத்தால் பெரும்பாலும் வீண். வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. உடனே கரையும் வகைதான் வேண்டும். மெல்ல மெல்ல வெளியாகும் வகை பகல்நேரச் சோதனைக்குப் பொருந்தாது, அதை நொறுக்கிக் கொடுத்தால் அதன் வடிவமைப்பே கெட்டுவிடும். இரண்டாவது, ஊட்டச்சத்துப் பொருளாக விற்கப்படுவதில் லேபிளில் போட்ட அளவும் உள்ளே இருக்கும் அளவும் பெரிதும் வேறுபடுவது பரிசோதனைகளில் தெரிந்த விஷயம். மருந்துத் தரத்தில் தயாரானதை வாங்குங்கள். 'மெலடோனின் எங்களிடம் வேலை செய்வதில்லை' என்ற முடிவுக்குப் பின்னால் தரம் குறைந்த சரக்கு இருக்கலாம்.

குளோரல் ஹைட்ரேட் பழைய மருந்து. 1832-இல் லீபிக் தயாரித்தார், 1869-இல் லீப்ரைஷ் தூக்க மருந்தாக அறிமுகம் செய்தார். அமெரிக்காவில் 2012-இல் வணிகத் தயாரிப்பு நின்றுபோன பிறகுதான் மற்ற மருந்துகளின் மீது அங்கே கவனம் கூடியது. ட்ரைக்ளோஃபாஸ் இதன் உறவு மருந்து. உடலுக்குள் போனதும் இரண்டுமே ட்ரைகுளோரோஎத்தனால் ஆகின்றன, தூங்க வைப்பது அதுதான். ட்ரைக்ளோஃபாஸ் வாய்க்குக் கொஞ்சம் ஏற்றது, வயிற்றை அவ்வளவு எரிக்காது, அதனால் துப்புவதும் வாந்தியும் குறைவு. பொதுவாகக் கிலோவுக்கு 50 மி.கி.; மொத்தம் 1 கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். சிரப் பெரும்பாலும் 5 மி.லி.யில் 500 மி.கி. எனவே 12 கிலோ குழந்தைக்கு 600 மி.கி., அதாவது 6 மி.லி. சீட்டில் மி.கி., மி.லி. இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால், செறிவு வேறான பாட்டில் வந்த அன்று தவறு நடக்கும்.

இந்தக் குடும்பத்தின் சிக்கல் நீண்ட அரை ஆயுள். பெரியவர்களுக்கே சுமார் 8 முதல் 12 மணி நேரம்; கைக்குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். எழுந்து, பால் குடித்து, வண்டியில் ஏறிய பிறகு மறுபடியும் தூக்கத்தில் விழுந்து, தலை முன்பக்கம் சாய்ந்து மூச்சுக்குழல் மடங்கக்கூடும். இந்த மருந்தில் இப்படி உயிரிழப்புகள் பதிவாகியிருக்கின்றன. டான்சில் பெருத்த குழந்தை, குறட்டை விடும் குழந்தை, கல்லீரல் கோளாறு, இதயக் கோளாறு, போர்ஃபிரியா (ரத்தச் சிவப்புப் பொருள் உருவாவதில் உள்ள பரம்பரைக் கோளாறு) உள்ள குழந்தை இவர்களுக்கு இது கூடாது. வீட்டிலேயே சிரப்பைக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று சொல்வது எந்த நிலையிலும் கூடாது. காத்திருக்கும் நேரம் மிச்சமாகும் என்று தோன்றும். ஆனால் வழியில் குழந்தையின் மூச்சைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

டெக்ஸ்மெடிடோமிடின் மூளைத்தண்டில் விழிப்பைக் கட்டுப்படுத்தும் லோகஸ் செருலியஸ் என்ற பகுதியின் மேல் வேலை செய்து, இயற்கையான இரண்டாம் நிலைத் தூக்கத்தை ஒத்த ஒன்றைத் தருகிறது. ஸ்பிண்டில்கள் அழகாக வரும், மூச்சு பெரும்பாலும் பாதிக்கப்படாது. நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும்தான் இறங்கும். ஆகவே ஹார்ட் பிளாக் (இதயத் துடிப்பின் மின் சமிக்ஞை தடைபடும் நிலை) உள்ளவர்கள், நாடியைக் குறைக்கும் டிகாக்ஸின் அல்லது பீட்டா பிளாக்கர் எடுப்பவர்கள் ஆகியோருக்குத் தவிர்க்க வேண்டும். மூக்கு வழியாகக் கிலோவுக்கு 2 முதல் 4 மைக்ரோகிராம், 25 முதல் 45 நிமிடத்தில் தூக்கம். கலக்காத ஊசிமருந்தில் 1 மி.லி.க்கு 100 மைக்ரோகிராம். 12 கிலோ குழந்தைக்கு 3 மைக்ரோகிராம் வீதம் 36 மைக்ரோகிராம், அதாவது 0.36 மி.லி. தெளிப்பானின் முனையில் சுமார் 0.1 மி.லி. தங்கிவிடும், அதைச் சேர்த்து 0.46 இழுத்து, இரண்டு மூக்குத் துவாரத்துக்கும் பாதிப் பாதி. அந்த 0.1-ஐ மறந்தால் இந்தக் குழந்தைக்குப் போக வேண்டிய மருந்தில் கால் பங்குக்கும் மேல் குறைந்துவிடும், பிறகு 'மருந்து பலிக்கவில்லை' என்று பதிவாகும். சளி அடைத்த மூக்கிலும் இதே கதி. முதலில் உறிஞ்சிச் சுத்தம் செய்யுங்கள், முடியாவிட்டால் தேதியை மாற்றுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மிடாசோலம் பதிவு முழுக்க பீட்டா அலைகளை நிரப்பும், தேடி வந்த ஸ்பைக்கையே அடக்கிவிடும். இஇஜிக்கு அது வேண்டாம். ப்ரோமெதசின் 2 வயதுக்குக் கீழ் கூடவே கூடாது. ஹைட்ராக்ஸிசின் சில இடங்களில் கிலோவுக்கு 1 மி.கி. அளவில் பயன்பாட்டில் இருக்கிறது, ஆனால் வலிப்புள்ள குழந்தைக்கு முதல் தேர்வாக வைக்க மாட்டேன். ப்ரோபோஃபால் என்றால் மயக்கவியல் மருத்துவர் கூடவே இருக்க வேண்டும். அப்போது இது வேறு செலவுக் கணக்கு.

கணக்கு

விலைகள் இடத்துக்கு இடம் மாறுவதால் அலகுகளில் போடுகிறேன். கீழே வருபவை கணக்கைப் புரிந்துகொள்ள நான் எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் பிரிவின் எண்களை அதே இடங்களில் போட்டுப் பாருங்கள்.

ஒரு இஇஜி ஸ்லாட்டின் செலவு 100 அலகு. மெலடோனின் 2 அலகு, தனிக் கண்காணிப்பு இல்லை, 100-க்கு 75 பேரிடம் நல்ல பதிவு கிடைக்கிறது. ட்ரைக்ளோஃபாஸ் 2 அலகு, கண்காணிப்புக்கும் கட்டிலுக்கும் 30, வெற்றி 90 சதவீதம். டெக்ஸ்மெடிடோமிடின் குப்பியும் தெளிப்பானும் சேர்த்து 25, கண்காணிப்பு 40, வெற்றி 95 சதவீதம்.

மருத்துவமனையின் செலவை மட்டும் பார்த்தால், ஒரு நல்ல பதிவுக்கு மெலடோனினில் 102-ஐ 0.75-ஆல் வகுக்க 136. ட்ரைக்ளோஃபாஸில் 132-ஐ 0.90-ஆல் வகுக்க 147. டெக்ஸ்மெடிடோமிடினில் 165-ஐ 0.95-ஆல் வகுக்க 174. மெலடோனின் முன்னணியில் நிற்கிறது.

இப்போது குடும்பத்தின் செலவையும் சேருங்கள். பயணம், இழந்த கூலி, கூடவே வந்தவரின் நாள் எல்லாம் சேர்த்து ஒரு வருகைக்கு 80 அலகு என்று வைப்போம். மெலடோனின் 243, ட்ரைக்ளோஃபாஸ் 236, டெக்ஸ்மெடிடோமிடின் 258. வரிசை மாறிவிட்டது. தோல்வியடைந்த ஒவ்வொரு முயற்சியும் குடும்பத்துக்கு இன்னொரு முழு நாள் என்பதால், தோல்வி அதிகமான மருந்து அவர்கள் பக்கத்திலிருந்து பார்க்கும்போது விலை கூடியதாகிறது. யாருடைய செலவை எண்ணினோம் என்று முதல் வரியிலேயே சொல்லாத ஒப்பீட்டை நம்பாதீர்கள். விடையைத் தீர்மானிப்பதே அந்த வரிதான்.

மெலடோனினின் வெற்றி எவ்வளவு உயர்ந்தால் ட்ரைக்ளோஃபாஸுக்குச் சமமாகும்? மெலடோனினில் ஒரு முயற்சிக்கு ஆகும் 182-ஐ (102 + 80) 236-ஆல் வகுத்தால் 77 சதவீதம். வெறும் இரண்டு புள்ளிதான் வித்தியாசம். முந்தின இரவுத் தூக்கத்தைக் குறைப்பதும் ஸ்லாட்டைக் குழந்தை வழக்கமாகத் தூங்கும் நேரத்தில் வைப்பதும் அந்த இரண்டு புள்ளியைத் தந்துவிடும். அதற்கு ஒரு தொலைபேசி அழைப்புக்கு மேல் செலவில்லை. மருந்தை மாற்றும் முன் இதைச் சரிசெய்யாத பிரிவுகளைப் பார்த்தால் மனம் வலிக்கிறது.

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைவிட அடுக்காக வைப்பது நல்லது. எல்லாருக்கும் முதலில் மெலடோனின். 45 நிமிடத்தில் தூங்காத குழந்தைக்கு அதே அமர்வில் ட்ரைக்ளோஃபாஸ். இரண்டாம் அடுக்குக்குத் தயாராக எல்லாரையும் முன்பே பரிசோதித்து வைக்க 5 அலகு. மெலடோனினில் தூங்காத 25 பேருக்கு மருந்து 2, கண்காணிப்பு 30, ஸ்லாட் நீண்டதற்கு 40, ஆக 72. சராசரியில் ஒரு குழந்தைக்கு 18. அந்த 25 பேரில் 85 சதவீதத்தினர் தூங்கினால் மொத்த வெற்றி 96 சதவீதத்தைத் தொடும். மருத்துவமனைச் செலவு 125-ஐ (102 + 5 + 18) 0.9625-ஆல் வகுக்க 130. குடும்பச் செலவோடு 213. இரண்டு பார்வையிலும் இதுதான் குறைவு. அதோடு நான்கில் மூன்று குழந்தைகளுக்கு மயக்கும் மருந்தே உள்ளே போகவில்லை. செலவைத் தாண்டி இது பெரிய லாபம்.

இதற்கும் ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. இரண்டாம் அடுக்கில் ட்ரைக்ளோஃபாஸ் வரலாம் என்றால் பட்டினி விதி எல்லாருக்கும் பொருந்தும்: தெளிந்த திரவம் 2 மணி, தாய்ப்பால் 4 மணி, பவுடர் பாலும் லேசான உணவும் 6 மணி. பசித்த குழந்தை மெலடோனினில் தூங்காது. ஸ்லாட்டைக் காலையில் சீக்கிரம் வைத்து, 2 மணி நேரம் முன்புவரை தெளிந்த திரவம் தாராளமாகக் கொடுக்கச் சொல்வதே நடைமுறை வழி.

ஆட்டிசம், ஏடிஎச்டி உள்ள குழந்தைகளுக்குத் தனிக் கணக்குப் போடுங்கள். சிரப்பைத் துப்புவது, மருந்து குடித்தும் எதிர்மாறாகக் குதித்து ஆடுவது இவர்களில் சிலரிடம் நடக்கும். அந்தக் குழுவில் ட்ரைக்ளோஃபாஸின் வெற்றி 80 சதவீதமாக இறங்கினால், 212-ஐ 0.80-ஆல் வகுக்க 265. டெக்ஸ்மெடிடோமிடின் 258-லேயே நின்றால், விலைப்பட்டியலில் அதிகமாக இருந்த மருந்து இங்கே மலிவாகிறது. 200 மைக்ரோகிராம் குப்பியில் 36 மட்டும் எடுத்து மீதியைக் கொட்டுவதும் ஒரு செலவுதான். ஒரே நாளில் மூன்று குழந்தைகளை வரவழைத்து, மருந்தகப் பிரிவில் கிருமியற்ற முறையில் தனித்தனி சிரிஞ்சுகளில் நிரப்பிவாங்கினால் அது குறையும். வார்டில் நர்ஸ் ஒரே குப்பியில் பலமுறை ஊசி போட்டு இழுப்பது அதற்கு மாற்று அல்ல. தொற்று வந்தால் மிச்சம் பிடித்தது எல்லாம் போகும்.

அரிதான பாதகத்தையும் சேர்க்க வேண்டும். 200-இல் ஒரு குழந்தைக்கு ஆக்ஸிஜன் இறங்கி இரவு தங்க நேர்ந்து, அதற்கு 1,000 அலகு ஆகிறது என்று வைத்தால், ஒவ்வொரு குழந்தையின் கணக்கிலும் 5 அலகு ஏறும். வெற்றி விகிதத்தால் வகுக்கும் இந்த முறையில் ஒரு குறையும் உண்டு. தோற்ற குழந்தை அடுத்த முறை அதே வாய்ப்போடு வருவதாக அது எடுத்துக்கொள்கிறது. உண்மையில் ஒருமுறை தூங்காத குழந்தை அதே மருந்தில் மறுபடியும் தூங்காமல் போகும் வாய்ப்பு அதிகம். ஆகவே வெற்றி குறைந்த மருந்துகளின் உண்மைச் செலவு இந்த எண்களைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

பணம் எங்கே ஒழுகுகிறது

அதிகம் ஒழுகுவது நேரக் கணக்கில். காத்திருக்கும் இடத்திலேயே மருந்தைக் கொடுத்துவிடுகிறார்கள், உள்ளே முந்தைய பதிவு இழுத்துக்கொண்டே போகிறது, அறை காலியாகும்போது குழந்தை எழுந்து உட்கார்ந்திருக்கிறது. அறை காலியான பிறகே மருந்து என்ற ஒரே விதி, மருந்து மாற்றத்தைவிட அதிகம் மிச்சப்படுத்தும். எலக்ட்ரோடுகளை எப்போது ஒட்டுவது என்பதில் இரண்டு வழி உண்டு. ஒத்துழைக்கும் குழந்தைக்கு முதலில் ஒட்டி, விழித்திருக்கும் பதிவை எடுத்து, பிறகு மருந்து. தலையைத் தொடவே விடாத குழந்தைக்கு மருந்து கொடுத்து, தூங்கிய பிறகு ஒட்டுவது. அப்போது ஜெல் வெதுவெதுப்பாக இருக்கட்டும், தோலைத் தேய்ப்பது மென்மையாக இருக்கட்டும். மெலடோனினில் வந்த தூக்கம் அழுத்தித் தேய்த்தால் கலைந்துவிடும். முந்தின நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் தடவாமல் வந்தால் தேய்ப்பே பாதியாகக் குறையும்.

தூக்கக் குறைப்புக்கு வயது வாரியாக எழுதிக் கொடுங்கள். கைக்குழந்தைக்குக் காலைத் தூக்கத்தை மட்டும் தள்ளிப் போட்டால் போதும். 2 முதல் 5 வயது வரை இரவு 2 மணி நேரம் தாமதமாகப் படுத்து, காலையில் சீக்கிரம் எழ வேண்டும். பெரிய குழந்தைகள் 4 முதல் 5 மணி நேரம் மட்டும் தூங்கலாம். வரும் வழியில் வண்டியில் ஒரு பத்து நிமிடக் கண்ணயர்வு இது அத்தனையையும் அழித்துவிடும். ஓட்டுபவரைத் தவிர, பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையைப் பேச வைக்க ஒருவர் வேண்டும். தூக்கம் கெட்டால் வலிப்பு வரக்கூடிய குழந்தைக்கு எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவரே சொல்லட்டும். வலிப்பு மருந்துகளை அவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

வாந்தி எடுத்துவிட்டால் முழு அளவைத் திரும்பக் கொடுக்காதீர்கள். எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு மூக்கு வழி மருந்துக்கு மாறலாமா, தேதியை மாற்றுவதா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். மெலடோனின் தவிர எந்த மருந்தானாலும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், ஆக்ஸிஜன், சக்ஷன் (சளி உறிஞ்சும் கருவி), குழந்தையின் அளவுக்கு ஏற்ற மாஸ்க்கும் பேகும் கட்டிலருகே இருக்க வேண்டும். செலவைக் குறைக்க இவற்றில் கைவைக்கக் கூடாது.

உங்கள் பிரிவின் எண்கள் வேண்டுமென்றால் ஒரு சாதாரணப் பதிவேடு போதும். வயது, எடை, மருந்தும் அளவும், கொடுத்த நேரம், தூங்கிய நேரம், எழுந்த நேரம், வீட்டுக்கு அனுப்பிய நேரம், இரண்டாம் அளவு தேவைப்பட்டதா, வாந்தி, ஆக்ஸிஜன் இறக்கம், நாடி இறக்கம். 'தூங்கியதா' என்பதற்கு ஒரு பத்தி, 'மருத்துவர் கேட்ட கேள்விக்குப் பதிவில் விடை கிடைத்ததா' என்பதற்கு இன்னொரு பத்தி. இரண்டாவது பத்தியை அறிக்கை எழுதும் மருத்துவரே நிரப்ப வேண்டும். எந்த மருந்து என்று தெரியாமல் நிரப்பினால் இன்னும் நல்லது.